மோசேயின் கோலை யார் வாங்கினார்கள்?



இந்த வாரச் சிந்தனை உங்களில் சிலருக்கு வருத்தத்தை உண்டாக்கும். சிலருக்குக் கோபமும் வரலாம். எழுதுகிற எனக்கே என்மேல் கோபம் இருப்பதால், அதை மெருகிட்டு எழுத மனம் வரவில்லை.

நம் ஆலயத்தில் ஆண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் பல ஆண்டுகளாக ஒருவர் உட்கார்ந்துவந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர் முழுவதும் அவரைப் 'பெரிய சார்' என்றே அழைக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடத்தை அவர்தான் வாசிப்பார். நாம் தட்டுத் தடுமாறுகிற எபிரெயப் பெயர்களை எல்லாம் பிசகாமல் உச்சரிக்கிற குரல் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயச் செயலிழப்பு என்று மருத்துவமனையில் பத்து நாள் இருந்து திரும்பினார். அந்த மாதமே சேகரக் கமிட்டி கூடி, "ஐயா நல்லா ஓய்வெடுக்கட்டும்" என்று வாசிப்போர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. தலைமை வகித்தவன் நான். அன்பினால்தான் செய்தோம். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்று அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடப்பதில்லை. ஆலயத்துக்கு வந்து எட்டு மாதங்களாகின்றன. சென்ற மாதம் அவருடைய மருத்துவரிடம் பேசினேன். இதயத்தின் நிலை அன்றைக்கு இருந்ததைவிட அதிகமாக மோசமாகவில்லை என்றார் அவர். அப்படியானால் மனிதர் ஏன் இப்படிக் கரைந்துபோனார்? அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினேன். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்து அனுப்ப முடியாமல் இதயம் பின்தங்குவதுதான் அது. கால் வீங்கும்; மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்; நான்கு படி ஏறுவது மலையேறுவதாகிவிடும். இது ஒரு நோய். 'ஃபிரெய்ல்டி' என்று மருத்துவர்கள் சொல்வது வேறொன்று. அதை நான் 'தளர்ச்சி' என்று எழுதுகிறேன். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயலாமலே எடை குறைதல், தீராத களைப்பு, கைப்பிடி வலு இழத்தல், நடை மெதுவாதல், அன்றாட அசைவு சுருங்குதல். இவற்றில் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படியில் நிற்கிறோம். தளர்ந்தவரைச் சாதாரண காய்ச்சலும் படுக்கையில் தள்ளிவிடும். படுத்தவர் பழைய நிலைக்கு எழுந்து வருவது அரிது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் தளர்ச்சி உடையவர்கள் என்று கண்டிருக்கிறார்கள்.

இது மேல்நாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதிருங்கள். அடுத்த வீடாகிய திருவனந்தபுரத்தில் 2013-இல் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. நம் சேகரத்து ஆண்கள் ஐக்கியத்தில் 61 வயதுக்காரரை நாம் வாலிபர் என்றே நடத்துகிறோம்! ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மரித்துவிட்டார்கள்.

நான் உங்களிடம் வாதாட வந்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் இதயச் செயலிழப்புப் பிரிவு 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தத் தளர்ச்சியை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. உடனிருக்கும் நோய்கள் ஒன்று; உடலின் இயக்கம் ஒன்று; அறிவும் மனமும் ஒன்று; நான்காவது, சமூக வாழ்வு. அதாவது ஒருவர் தனியாக இருக்கிறாரா, கூப்பிட்டால் வர ஆள் உண்டா, அவரோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் இதய நோயாளியின் உடல் வலுவைப் பற்றிய கேள்விகளே என்று இதய மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஐக்கியம், உடன்படிக்கை, ஒரே சரீரம் என்று வாரந்தோறும் பேசுகிற நாம் இன்னும் அதை நம்பத் தொடங்கவில்லை. நமக்கு இருக்கிற ஒரே விளக்கம், "வயசானா அப்படித்தான்" என்பது.

அந்த வாக்கியத்தை நான் எதிர்க்கிறேன். அது இரக்கம்போல ஒலிக்கிற சோம்பல். வயதைக் காரணமாகச் சொல்லிவிட்டால் யாரும் எதையும் செய்யவேண்டியதில்லை. பெரிய சாருக்கு இரண்டு ஆண்டுகளில் கூடியது இரண்டே வயது. இழந்தவற்றை எண்ணிப் பாருங்கள். வாசிப்புப் போயிற்று. வாசிக்கப்போகும் பாடத்தை வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்க்கும் வழக்கம் போயிற்று. பாடம் வாசிப்பதற்காகவே சலவை செய்து வைத்த வெள்ளைச் சட்டை அலமாரியில் கிடக்கிறது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நிற்பதும், பழைய மாணவர்கள் வந்து வணக்கம் சொல்வதும், யாராவது ஒருவர் தன் மகனின் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி யோசனை கேட்பதும் போயின. இவை ஒவ்வொன்றும் அவரை எழுப்பி நிறுத்திய கயிறுகள். ஒவ்வொரு கயிறாக நாம் அறுத்தோம். பிறகு, "பாவம், தளர்ந்துவிட்டார்" என்கிறோம்.

அவர் ஏன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார் என்று எனக்கு மிகவும் தாமதமாகவே தெரிந்தது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அவருடைய மருமகள் சொன்னாள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடலில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை கொடுப்பார்கள். வீடுகளில் 'யூரின் மாத்திரை' என்பார்கள். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, அடுத்த சில மணி நேரம் அடிக்கடி எழுந்துபோக வைக்கும். நம் ஆராதனை எட்டரைக்குத் தொடங்கி, திருவிருந்து ஞாயிறுகளில் பதினொன்றைத் தாண்டும். நம் கழிப்பறை எங்கே இருக்கிறது? பாரிஷ் ஹாலுக்குப் பின்னால். கைப்பிடி இல்லாத மூன்று படிகள். குத்தவைத்து உட்காரும் வகை. பூட்டியிருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். 76 வயது மனிதர், தன்னிடம் படித்தவர்கள் நிறைந்த ஆலயத்தின் நடுவில் எழுந்து, சாவி கேட்டுப் போக வேண்டும்.

ஆகவே அவர் ஞாயிறு காலையில் மட்டும் அந்த மாத்திரையை விட்டுவிட்டார். சில ஞாயிறுகள் கழித்து மூச்சுத் திணறலோடு மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார். மாத்திரையை விடக்கூடாது என்று மருத்துவர் கண்டித்தார். அதன்பின் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்; ஆலயத்தை விட்டுவிட்டார். பிரியமானவர்களே, அந்த மனிதரை மாத்திரைக்கும் திருவிருந்துக்கும் நடுவே ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி நிறுத்தியது நம் கட்டடம். சென்ற ஆண்டு கோபுர விளக்குக்கு நாம் செலவிட்ட தொகை உங்களுக்குத் தெரியும். வாசலில் சாய்வுப் பாதையும் கழிப்பறையில் கைப்பிடியும் அதில் பாதிக்குள் முடிந்திருக்கும். (இதே நிலையில் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால்: மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதிருங்கள்.)

தனியே உண்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சேகரத்தில் துணையை இழந்து தனியாக இருக்கிற முதியோரின் சமையலறைகளுக்குள் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். "ஒரு ஆளுக்காக உலை வைக்கணுமா ஐயரே?" என்று கேட்பார்கள். காலையில் வடித்த சோறு, இரவுக்கும் அதே சோற்றுக் கஞ்சி, தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது ஒரு துண்டு கருவாடு. உப்பு உடலில் நீரைத் தேக்குகிறது. கீரையும் பருப்பும் முட்டையும் இல்லாத தட்டு தசையைக் கரைக்கிறது. ஒரே தட்டில் நோய்க்கும் தளர்ச்சிக்கும் தீனி. இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. தசை கரைந்து எடை குறைகிற அதே வேளையில் நீர் தேங்கி எடை கூடுவதால், தராசு ஒன்றும் நடவாததுபோல் காட்டும். கன்னம் ஒட்டியிருக்க, கால் தடித்திருக்கும். இவர்களுக்கு மருத்துவ அறிவுரை தருவது எளிது. அந்தச் சமையலறையில் இல்லாதது எதிரே உட்கார்ந்து உண்ணும் ஒரு மனிதர். நம் அசனத்துக்கு ஆயிரம் பேரைப் பந்தியில் உட்காரவைக்கத் தெரிந்த சபை, செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் இருக்கிறது.

இனி மனம். ஒருமுறை மூச்சு முட்டிச் சாவின் விளிம்பைப் பார்த்தவர், அடுத்தமுறை நடக்கும்போது நெஞ்சு படபடத்தால் உடனே உட்கார்ந்துவிடுகிறார். நடை குறைகிறது, கால் தசை இளைக்கிறது, இளைத்த காலோடு நடந்தால் முன்னைவிட விரைவில் மூச்சு வாங்குகிறது, பயம் வளர்கிறது. பயமே பயத்துக்கு உணவாகும் சுழற்சி இது. இதோடு மனச்சோர்வும் சேரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். "பிள்ளைகளுக்குப் பாரமாயிட்டேன்" என்ற நினைவு வந்துவிட்டால், கால் வீங்கினாலும் மகனிடம் சொல்லமாட்டார், சொன்னால் செலவு. சாப்பாட்டில் ருசி போகும். மாத்திரை எண்ணிக்கை தவறும்.

இந்த இடத்தில் சபைக்குள் இருக்கிற ஒரு கொடுமையைப் பேசாமல் போகமுடியாது. இப்படிச் சோர்ந்திருக்கிற ஒருவரிடம் போய், விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாத்திரையை எறிந்துவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொன்ன ஒரு கூட்டத்துக்கு நம் சபையார் சிலர் போய்வந்தது எனக்குத் தெரியும். அதை ஊழியம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொண்டாரா? ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டுகிறான். எலியா உண்டு மீண்டும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறையும் வந்து உண்ணச் சொல்கிறான். பிரசங்கம் ஒன்றும் இல்லை. மலையில் தேவன் பேசியது அதன் பிறகுதான். அந்தத் தூதனைவிட அதிக ஆவிக்குரியவர்களாக நாம் ஆகிவிட்டோம் போலிருக்கிறது. கையில் அடை இல்லாமல் அறிவுரையோடு போகிறோம்.

என்னையும் தப்பவிடவில்லை. பெரிய சாரை மாதம் ஒருமுறை சந்தித்தேன். அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். சுகம் விசாரிப்பு, ஒரு சங்கீதம், ஜெபம், மருமகள் தந்த காபி, அடுத்த வீடு. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்கும். அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அவருக்காக ஜெபித்தேனே தவிர, எனக்காக ஜெபிக்கும்படி ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு கிடந்தவனிடம் ஆண்டவர் அவனுடைய விருப்பத்தைக் கேட்டார். அவன் சொன்ன பதிலைக் கவனித்திருக்கிறீர்களா? தன் நோயின் பெயரை அவன் சொல்லவில்லை. கொண்டுபோய் இறக்கிவிட ஆள் இல்லை என்பதையே சொன்னான். நோயாளியின் வாயிலிருந்து அந்த வாக்குமூலம் வந்ததற்குக் காரணம், ஒருவர் நின்று கேட்டதுதான்.

சிலர் பிள்ளைகளைக் குற்றஞ்சாட்டுவீர்கள். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறார்கள், அதோடு கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், மாற்கு 7-இல் காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று அறிவோம். பெற்றோரைப் பராமரிக்கத் தவறுவோர்மீது முறையிட 2007-ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கிறது. ஆனால் என் மகனும் வெளியூரில்தான் வேலை செய்கிறான்; முதல் கல்லை எறிய என்னால் ஆகாது. பெரிய சாரின் மகன் உள்ளூரிலேயே இருக்கிறான், நல்லவன், மருத்துவச் செலவில் குறை வைக்கவில்லை. அப்படியும் இது நடந்தது. ஆகவே பிள்ளைகளின்மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. மற்றொன்றும் சொல்வேன். நம் மாநில அரசு 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. அரசாங்கம் மனிதனைத் தேடி வாசலுக்குப் போகிறது. காணாமற்போன ஆட்டைத் தேடிப் போனவரின் சபையோ, "முடிந்தால் வாருங்கள்" என்று மணியடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் சிலர் வேதத்தையே எடுத்துக்கொண்டு வருவீர்கள். பலவீனத்தில்தானே தேவபெலன் விளங்கும், பவுல் தன் பலவீனங்களைக் குறித்து மேன்மைபாராட்டவில்லையா என்று கேட்பீர்கள். பாராட்டினார், 2 கொரிந்தியர் 12-இல். தன்னுடைய பலவீனத்தைக் குறித்து! அடுத்தவனுடைய பலவீனத்தைக் காட்டி, அது அவனுக்கு நல்லது என்று சொல்ல அந்த வசனம் எழுதப்படவில்லை. தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்கு என்ன அருந்த வேண்டும் என்று யோசனை சொன்னவர் அதே பவுல்தான்.

இனி யாத்திராகமம் 17. ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. எண்பதைத் தாண்டிய மோசே, தேவனுடைய கோலைக் கையில் பிடித்துக் குன்றின் உச்சியில் நிற்கிறார். கைகள் சோர்கின்றன. இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியைப் பரிந்துபேசும் ஜெபத்தின் பாடமாகப் படித்தேன். அப்படியே எத்தனையோ முறை பிரசங்கித்தும் இருக்கிறேன். இந்த மாதம்தான் அதில் நடக்காத ஒன்றைக் கவனித்தேன். ஆரோனுக்கும் ஊருக்கும் ஓர் எளிய வழி இருந்தது. "ஐயா, நீங்கள் களைத்துவிட்டீர்கள்; கோலை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நம் கமிட்டியாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம், ஒரு பொன்னாடையும் போர்த்தியிருப்போம். அவர்கள் செய்தது வேறு. உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துக்கு ஒருவராக நின்று அவருடைய கைகளைத் தாங்கினார்கள், சூரியன் அஸ்தமிக்கும் வரை. வேலை மோசேயிடமே இருந்தது.

இது வெறும் உருவகம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2021-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 349 முதியோர். அவர்களில் 97 விழுக்காட்டினர் தளர்ந்தவர்கள் அல்லது தளர்ச்சியின் வாசற்படியில் இருந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்களை ஓய்வெடுக்கச் சொல்லாமல், பக்கத்தில் ஆள் நின்று, வலுவுக்கும் நிதானத்துக்கும் நடைக்கும் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய உடல் இயக்கம் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. மீண்டும் மருத்துவமனையில் சேர்வது அதனால் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் தளர்ந்தவர் தளர்ந்தவராகவே இருக்க வேண்டும் என்ற நம் தீர்ப்பு பொய் என்பது அதில் தெரிகிறது. மருத்துவர் அனுமதிக்கிற அளவுக்கு நடக்க, அவருக்குப் பக்கத்தில் நடக்க ஒருவர் வேண்டும். வாலிபர் ஐக்கியத்தாரே, மாலையில் மைதானத்துக்குப் போகுமுன் கால் மணி நேரம் ஒரு தாத்தாவோடு நடக்க உங்களில் யாரால் முடியாது? காலையில் அவர் தராசில் ஏறும்போது அந்த எண்ணைப் படித்துக் குறித்துவைக்கவும் ஒரு கண் வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்குமேல் கூடினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது இந்த நோயாளிகளுக்குச் சொல்லப்படும் விதி. அவர்களில் பலருக்கு அந்த எண்ணே கண்ணுக்குத் தெரிவதில்லை.

வரும் சனிக்கிழமை மாலை சேகரக் கமிட்டி கூடுகிறது. கழிப்பறைக்குக் கைப்பிடியும் உட்காரும் பீங்கானும், ஆராதனை நேரம் முழுவதும் பூட்டாத கதவும் கேட்கப்போகிறேன். வீட்டிலிருக்கும் முதியோரின் பெயர்ப்பட்டியலை உதவி பெறுவோர் பட்டியலாக வைத்திருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவரிடமும் சபை என்ன வேலையைக் கேட்கலாம் என்று வேறொரு பட்டியல் எழுதச் சொல்வேன். வாசிப்புப் பீடத்தருகே ஒரு நாற்காலியும் தாழ்வான ஒலிவாங்கியும் வைக்க வேண்டும் என்பேன். "நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கமிட்டியில் ஒருவர் ஏற்கெனவே தொலைபேசியில் கேட்டுவிட்டார். அவருடைய வீட்டில் யாருமில்லாத மதியத்தில் அது ஆவதைவிட நம் நடுவில் ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை பெரிய சார் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை ஜெபிக்குமுன் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை மட்டும் அசைத்தார். பிறகு, பிரதிஷ்டைப் பண்டிகை ஞாயிறு பாடத்தை உட்கார்ந்தபடியே வாசிக்க முடியுமா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தப் பாடம் ஐயரே?" என்றார். நெகேமியா மூன்றாம் அதிகாரம் என்றேன்.

"அது முழுக்கப் பேராச்சே," என்றார். "பெரிய எழுத்துல அடிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. ரெண்டு தடவை பார்த்துக்கணும்."